வானத்திலே வீரம், மண்ணிலே?

இருபத்திரண்டு வயது! கல்லூரி வாயிலைத் தாண்டியும் தாண்டாத பருவம். காதல் கடிதத்தின் முதல் வரியை எழுதி எழுதிக் கிழித்தெறியும் பருவம். அந்த வயதிலே ஒருவன், நள்ளிரவில், ஏறத்தாழ இருபதாயிரம் அடி உயரத்தில், இரண்டாயிரம் காலன் பெட்ரோலுக்கும் ஆயிரக்கணக்கான ராத்தல் வெடிகுண்டுக்கும் நடுவே அமர்ந்துகொண்டு, தன்னைக் கொல்லக் காத்திருக்கும் நாட்டை நோக்கிப் பறக்கிறான். ஒரு நாள் அல்ல, முப்பது முறை. முப்பதும் முடிந்தால் ஓய்வு. முடிவதற்குள் அவனே முடிந்துபோனால், மறுநாள் அவன் கட்டிலில் வேறொருவன் படுப்பான்.

இரண்டாம் உலகப் போரிலே பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். மாண்டவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு! காயமுற்றோரும் சிறைப்பட்டோரும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பறக்கும் பணிக்கு எவரையும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை. தாமே முன்வந்தவர்கள் அத்தனை பேரும். இங்கிலாந்தினர் மட்டுமா? கனடாவிலிருந்து வந்து மாண்டவர்கள் மட்டும் ஏறத்தாழ பதினாயிரம் பேர். ஆஸ்திரேலியர் உண்டு, நியூசிலாந்துக்காரர் உண்டு, ஹிட்லர் விழுங்கிய போலந்து நாட்டிலிருந்து தப்பி வந்தவர் உண்டு.

கண்ணீரை வரவழைக்க இதைச் சொல்லவில்லை, தோழர்களே. கேள்வியொன்று கேட்கவே சொல்கிறோம். தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிறான் என்பதாலேயே ஒருவனுடைய செயல் அறமாகிவிடுமா? அஞ்சாமை என்பது தனித்து நின்றே சிறக்கும் பண்பா? அல்லது எதற்காக, எவர்மீது என்று கேட்ட பிறகே அதற்கு மதிப்பெண் போடவேண்டுமா?

விடை எளிது என்று எண்ணுவோர் இரு சாரார். "எத்தனை பெரிய வீரம்! வாய்திறவாதே!" என்பர் ஒரு சாரார். "எத்தனை பெரிய கொலை! வீரம் என்று சொல்லாதே!" என்பர் மறு சாரார். இருவருமே அந்த விமானத்துக்குள் ஏறிப் பார்க்க மறுப்பவர்கள். நாம் ஏறிப் பார்ப்போம்.

லங்காஸ்டர் என்பது விமானத்தின் பெயர். நான்கு எஞ்சின்கள், ஏழு பேர். மூக்கிலே குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக் குண்டை விடுபவன் ஒருவன். விமானி ஒருவன். அவன் பக்கத்தில் எஞ்சின்களைக் கவனிப்பவன். திரைக்குப் பின்னே சிறு விளக்கொளியில் வரைபடத்தோடு மல்லாடும் வழிகணிப்பவன். கம்பியில்லாத் தந்திக்காரன். முதுகின் மேலே ஒரு துப்பாக்கிக்காரன். வாலிலே மற்றொருவன்.

அந்த வால் துப்பாக்கிக்காரனைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஆறு பேரும் முன்னே இருக்க, அவன் மட்டும் கடைசியில், கண்ணாடிக் கூண்டுக்குள், பின்னோக்கி அமர்ந்திருப்பான். பெர்லினுக்குப் போய்வர ஏழெட்டு மணி நேரம். எழுந்து நிற்க இடமில்லை. குளிர் பனிநிலைக்குக் கீழே நாற்பது பாகை வரை போகும். மின்சாரத்தால் சூடேற்றும் உடை உண்டு. அது பழுதானால் விரல்கள் கருகி உதிரும். இருட்டிலே பகைவிமானம் தெளிவாகத் தெரியவேண்டுமென்று கூண்டின் முன்புறக் கண்ணாடியையே கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் குளிரை முகத்திலே ஏற்றவர் பலர். பாராசூட்டை உடம்பிலே கட்டிக்கொள்ளக் கூண்டிலே இடமில்லை. அது வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் தொங்கும். தீப்பிடித்தால் கூண்டின் கதவைத் திறந்து, கைநீட்டி அதை எடுத்து, மாட்டிக்கொண்டு, பிறகு குதிக்கவேண்டும். எடுக்கப் போனபோது அதுவே எரிந்துகொண்டிருந்தால்?

அப்படியும் நேர்ந்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

சாவு எந்தெந்த வாயில் வழியே வந்தது? சுமை தாங்காமல் ஓடுபாதையிலேயே கவிழ்ந்த விமானங்கள் உண்டு. இறக்கையிலே பனி உறைந்து கனத்துச் சரிந்தவை உண்டு. பகைவர் கடற்கரையைத் தாண்டியதும் தேடுவிளக்குகள். ஒன்று பிடித்தால் இருபது வந்து சூழும், ஒளியிலே குருடாகிப்போன விமானி கீழே எந்தப் பக்கம் மேலே எந்தப் பக்கம் என்பதையே மறப்பான். பிறகு பீரங்கி. பிறகு இருளில் மோப்பம் பிடித்து வரும் வேட்டை விமானம். நூற்றுக்கணக்கான விமானங்கள் விளக்கில்லாமல் ஒரே நகரின் மேலே குவிவதால் தம்முள் மோதிக்கொண்டவை உண்டு. மேலே பறந்த தோழனின் குண்டே கீழே பறந்த தோழனின் இறக்கையைத் துளைத்ததும் உண்டு. எல்லாம் தப்பித் திரும்பினால், தன் நாட்டு மூடுபனி. அந்தப் பனியை விலக்க ஓடுபாதையின் இருமருங்கும் குழாய்களில் பெட்ரோலைக் கொளுத்தினார்கள் என்றால், எத்தனை பேர் வீட்டு வாசலிலே விழுந்து மடிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பகைவனைக் காணாமலே, பயிற்சியிலும் விபத்திலும் மாண்டோர் மட்டும் 8,000 பேருக்கு மேல்.

குண்டை விட்டதும் திரும்பி ஓடலாம் என்பதும் இல்லை. குண்டு விழுந்த இடத்தைக் காமிரா படம் பிடிக்கவேண்டும். அதற்கான ஒளிக்குண்டு வெடிக்கும்வரை, அரை நிமிட அளவு, வளையாமல் நெளியாமல் நேராகப் பறக்கவேண்டும். கீழே எரியும் நகரின் வெளிச்சத்திலே, வானத்துக்கு முன்னே நிழலாக! உயிரைக் கொடுக்கச் சித்தமாய் இருப்பவனிடமும் அரசு இரசீது கேட்டது.

பள்ளியிலே நாம் கற்பிக்கும் கணக்கொன்று இங்கே உதவும். ஒவ்வொரு முறையும் நூறு விமானங்களில் நான்கு திரும்புவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்குதானே என்று தோன்றும். முப்பது முறை பறந்தால்? நான்கை முப்பதால் பெருக்கி "நூற்றிருபது!" என்று கூவுவான் அவசரக்கார மாணவன், அது தவறு. நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு என்று முப்பது படி இறங்கவேண்டும். இறங்கினால் மிஞ்சுவோர் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர். நான்கு என்பது ஐந்தானால் மிஞ்சுவோர் இருபத்தொருவர். பெர்லின் மீது பறந்த 1943, 44ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்த ஐந்தையும் தாண்டிய இரவுகள் பல.

கணக்கை நன்றாக அறிந்த ஒருவர் அந்தப் பிரிவின் தலைமை அலுவலகத்திலேயே இருந்தார். ஃப்ரீமன் டைசன். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர், 2020இல் மறைந்தார். 1943இல் அங்கே வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது 19. "அனுபவம் ஏற ஏற ஆபத்து குறையும்" என்று மேலிடம் விமானப் படையினருக்குச் சொல்லிவந்தது. டைசன் ஏடுகளைப் புரட்டினார், எண்ணினார். அப்படி ஒன்றும் இல்லை! முதல் பறப்பிலே இருப்பவனும் இருபத்தைந்தாம் பறப்பிலே இருப்பவனும் ஒரே விகிதத்திலே மாண்டார்கள். திறமையால் பிழைக்கலாம் என்பது சொல்லிவைத்த ஆறுதல்; பிழைத்தது தற்செயலால்.

ஏன் அப்படி? பின்னரே விளங்கிற்று. ஜெர்மானிய வேட்டை விமானங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த பீரங்கிகளைப் பொருத்தியிருந்தனர். குண்டு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே, எவர் கண்ணுக்கும் படாத குருட்டிடத்தில் வந்து நின்று, இறக்கையிலுள்ள பெட்ரோல் தொட்டியை நோக்கிச் சுட்டுவிட்டு நழுவுவர். பாய்ந்து செல்லும் தோட்டாவின் ஒளித்தடமும் இராது. எத்தனை அனுபவம் இருந்தாலென்ன, காணாததை எப்படித் தவிர்ப்பது? கண்டவன் சொல்லத் திரும்பவில்லை. திரும்பியவன் காணவில்லை.

தப்பும் கதவின் கதையோ இன்னும் கொடிது. சுடப்பட்ட அமெரிக்க விமானத்திலிருந்து பாதிப்பேர் குதித்துப் பிழைத்தனர். பிரிட்டனின் ஹாலிபாக்ஸ் விமானத்திலிருந்து கால்பங்கு. லங்காஸ்டரிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து பேர்! காரணம் தேடினார்கள் டைசனும் அவருடைய அலுவலகத் தோழரும். லங்காஸ்டரின் அவசரக் கதவு 22 அங்குல அகலம். ஹாலிபாக்சின் கதவு 24. கனத்த உடையும் பாராசூட்டும் அணிந்தவன், சுழன்று விழும் விமானத்தில், இருட்டிலே, அந்த வழியே நுழைந்து வெளியேற வேண்டும். இரண்டு அங்குலம், தோழர்களே! கதவைப் பெரிதாக்குங்கள் என்று மன்றாடினார்கள். கோப்பு நகர்ந்தது. பெரிய கதவு வந்துசேர்ந்தபோது போர் முடிந்துவிட்டது.

இளைஞர்களின் வீரத்தைப் புகழ்ந்து பேசும் நாவுக்குச் செலவு இல்லை. கதவை இரண்டு அங்குலம் அகலப்படுத்தச் செலவு உண்டு. எந்த நாட்டிலும் புகழ்ச்சி தாராளமாய்ப் பொழியுமிடத்தில், கதவின் அகலம் என்ன என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

மற்றொன்றும் கேளுங்கள். பறந்து திரும்பியவர்கள், வானத்திலே திடீரென்று பெரும் தீக்கோளம் வெடித்துச் சிதறியதைக் கண்டதாகச் சொன்னார்கள். "அஞ்சாதீர்கள்! அது விமானம் அல்ல, உங்களை மிரட்ட ஜெர்மானியர் சுடும் போலிக் குண்டு" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வயல் பொம்மை என்றே அதற்குப் பெயர். போருக்குப் பின் தேடிப் பார்த்தால், அப்படி ஒரு குண்டை ஜெர்மனி செய்ததாகவே சான்று இல்லை. அவர்கள் கண்டது ஏழு தோழர்களோடு வெடித்த விமானத்தையே. சொன்னவர்களும் நம்பித்தான் சொன்னார்கள் போலும். மனம் விரும்புவதை அறிவு ஏற்றுக்கொள்வதற்குக் கோயில் குளம் தேவையில்லை. சீருடை அணிந்த அலுவலகத்திலும் அது நடக்கும்.

இத்தகைய வாழ்விலே மூடநம்பிக்கை முளைக்காமல் இருக்குமா? முயலின் காலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டனர். காதலியின் கழுத்துத் துணியை, குழந்தைப் பருவத்துப் பொம்மையை எடுத்துச் சென்றனர். ஏறுமுன் வால் சக்கரத்தின் மீது சிறுநீர் கழிப்பது பல குழுக்களில் மாறாச் சடங்கு. பொறியியலின் உச்சத்திலே ஏறி அமர்ந்து முயற்காலைத் தடவுகிறானே என்று நகைக்கத் தோன்றும். நகைக்கமாட்டோம். அறியாமையிலே பிறக்கும் மூடநம்பிக்கையைக் கல்வியால் போக்கலாம். கையறு நிலையிலே பிறப்பதைப் போக்க, அந்த நிலையையே மாற்றவேண்டும். நூற்றுக்கு இருபத்தொன்பது என்ற கணக்கை மாற்றமுடியாதவன் முயற்காலைத் தேடுகிறான்.

ஆனால் அதே நம்பிக்கை மற்றோர் உயிரைச் சுட்டபோது நாம் சும்மா இருப்பதற்கில்லை. விமான நிலையங்களில் பணிபுரிந்த பெண்கள் உண்டு. அவர்களில் ஒருத்தி, பழகிய இளைஞன் ஒருவன் மாண்டு, பிறகு பழகிய மற்றொருவனும் மாண்டால், அவளுக்கு "சாவுப்பெண்" என்ற பொருளில் பட்டப்பெயர் சூட்டினர். அவளோடு பேசுவோர் இல்லை, ஆடுவோர் இல்லை. கணவனை இழந்தவளைக் கண்டால் சகுனத்தடை என்று திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போகும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், லிங்கன்ஷயரின் விமான நிலைய விடுதிக்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை, அதனால்தான் சொல்கிறோம். அச்சம் எங்கே ஆள்கிறதோ அங்கே பழி சுமக்க ஒரு பெண் கண்டுபிடிக்கப்படுகிறாள்.

சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி இது. 1944 மார்ச் 24ஆம் நாள் இரவு, பெர்லினிலிருந்து திரும்பும் வழியில் நிகோலஸ் அல்கமேட் என்ற வால் துப்பாக்கிக்காரனின் விமானம் தீப்பற்றியது. பாராசூட்டை எடுக்கத் திரும்பினான், அது எரிந்துகொண்டிருந்தது. கருகிச் சாவதைவிட விழுந்து சாவது மேல் என்று பதினெட்டாயிரம் அடி உயரத்திலிருந்து வெறுமனே குதித்தான். பிழைத்தான்! ஊசியிலை மரங்களின் கிளைகளும், தரையிலே கிடந்த பனிக்குவியலும் அவனைத் தாங்கின, காலிலே சுளுக்கு. ஜெர்மானியரே நம்பாமல், எரிந்த விமானத்தைச் சோதித்து, பாராசூட்டின் எச்சங்களைக் கண்டு வியந்தனர். "ஆண்டவன் செயல்" என்பார் உண்டு. அன்றிரவு அதே விமானத்திலே மாண்டவர்களின் அன்னையரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். மரக்கிளை வளைந்தது, பனி அமுங்கியது, ஒருவன் வாழ்ந்தான். அதற்குமேல் பொருள் தேடுவது, மற்றவர்களின் சாவுக்கும் பொருள் சொல்லவேண்டிய கடமையிலே கொண்டுபோய் விடும்.

அஞ்சியவர்களும் இருந்தனர். பத்து முறை, பதினைந்து முறை பறந்துவிட்டு, "இனி முடியாது" என்றவர்கள். அவர்களுடைய ஏட்டிலே பொறிக்கப்பட்ட முத்திரை "ஒழுக்க உரம் அற்றவன்" என்பது! பறக்கும் சின்னத்தைப் பறித்தனர், பதவியைத் தாழ்த்தினர், கழிப்பறை கழுவும் வேலையும் தந்தனர். தோழர்கள் எரிந்து விழுந்ததைக் கண்டு கை நடுங்கியவனுக்கு இந்தப் பெயர். ஒழுக்கம் என்ற சொல்லை எடுத்து அச்சத்தின் மீது ஒட்டினார்கள் என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், கீழே என்ன நடக்கிறது என்று கேட்கும் உரத்திற்கு அந்த ஏட்டிலே கட்டமே இல்லை.

கீழே என்ன நடந்தது?

தொடக்கத்தில் பகலிலே பறந்தார்கள். பகல் வெளிச்சத்திலே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். எனவே இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். இரவிலே தொழிற்சாலை தெரியவில்லை. 1941 ஆகஸ்டில் ஓர் அரசு அறிக்கை, காமிராப் படங்களைச் சோதித்து உண்மையை உடைத்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள்ளாவது சென்றிருந்தது. புகை மண்டிய ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று! ஐந்து மைல் என்றால் ஓர் ஊரைக் குறிவைத்து அடுத்த ஊரிலே எறிவது. வேறு வழி என்ன? இருட்டிலும் தவறாமல் அடிக்கக்கூடிய இலக்கு ஒன்றே ஒன்று: நகரம். 1942 பிப்ரவரி 14இல் பிறந்தது ஆணை. பகைநாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதே இனி நோக்கம் என்றது அது. சில நாட்களில் ஆர்தர் ஹாரிஸ் தலைமைத் தளபதியாக வந்தார்.

வரிசையைக் கவனியுங்கள், தோழர்களே. விமானியைக் காக்க இருள். இருளிலே தெரியாததால் நகரம். நகரம் என்பதால் தொட்டிலும் தாயும் தள்ளாத கிழவரும். வானத்திலே இருந்தவனின் ஆபத்து, ஒவ்வொரு படியாக இறங்கி, தரையிலே இருந்தவர்களின் தலைமீது வந்து அமர்ந்தது. வீரம் செயலைக் கழுவுகிறது என்கிறார்களே, இங்கே நடந்தது வேறு. ஆபத்தே செயலின் உருவத்தை மாற்றிற்று.

இதற்கு இன்னும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. பீரங்கிக் குண்டுகள் சீறும் இடத்திலே, குறியை அடைவதற்கு ஒரு கணம் முன்னதாகவே குண்டை விட்டுவிடத் தோன்றுவது மனித இயல்பு. முதலில் வருபவன் ஒரு கணம் முந்துவான். அவன் மூட்டிய தீயையே குறியாகக் கொண்டு அடுத்தவன் இன்னொரு கணம் முந்துவான். இப்படியே குண்டு விழும் இடம் பின்னோக்கி ஊர்ந்து ஊர்ந்து, விமானங்கள் வந்த வழியிலுள்ள குடியிருப்புகள்மீது மைல் கணக்கில் படரும். தலைமையகம் இதை அறியும். அறிந்து, படரவேண்டிய இடத்தைக் கணக்கிட்டே குறியை அமைத்ததும் உண்டு. இளைஞனின் நடுக்கத்தையும் ஆயுதமாக்கிக்கொண்டார்கள்!

இரண்டு இரவுகளை எடுத்துக்கொள்வோம். 1943 ஜூலை 27. ஹாம்பர்க் நகரம். 787 விமானங்கள் புறப்பட்டன, திரும்பாதவை 17. தகட்டுக் காகிதத் துண்டுகளை வானத்திலே கொட்டி ராடார் கருவியைக் குருடாக்கும் தந்திரம் அந்த வாரம்தான் முதன்முறையாகப் பயன்பட்டது. அதனால் ஆபத்து குறைவு. கீழே, வறண்ட கோடை இரவிலே, தனித்தனித் தீக்கள் ஒன்றாய்ச் சேர்ந்து புயலாயின. காற்று மனிதரை இழுத்துத் தீக்குள் எறிந்தது. நிலவறைகளில் ஒதுங்கியவர்கள் நச்சுவாயுவிலே மூச்சடங்கிக் கிடந்தார்கள். அந்தத் தொடர் தாக்குதலிலே மாண்டவர்கள் 35,000 முதல் 40,000 பேர். பெரும்பாலோர் அந்த ஓர் இரவிலே.

1944 மார்ச் 30. நூரம்பர்க். 795 விமானங்கள். நிலவு காய்ந்தது, மேகம் மறைக்கவில்லை, நீண்ட நேர்கோட்டிலே பறக்கச் சொல்லி ஆணை. 95 விமானங்கள் வீழ்ந்தன. ஓர் இரவிலே 500க்கும் மேற்பட்ட இளைஞர்கள் மாண்டார்கள். நகருக்கு நேர்ந்த அழிவோ மிகச் சிறிது.

அதே படை, அதே ஆணை, அதே நோக்கம். ஆபத்துதான் செயலைத் தூய்மையாக்கும் என்றால், நூரம்பர்க் இரவு புண்ணியமும் ஹாம்பர்க் இரவு பாவமும் ஆகவேண்டும். வேறுபாடு நிலவும் தகட்டுக் காகிதமும்தான்! எவன் ஒப்புவான் இந்தக் கணக்கை? ஹாம்பர்க் நிலவறையிலே மூச்சுத் திணறிய குழந்தைக்கு, மேலே பறந்தவன் பிழைப்பானா மாட்டானா என்பது எப்படிச் சமாதானமாகும்? ஆபத்து, ஆபத்தை ஏற்பவனைப் பற்றி நமக்குச் சொல்கிறது. அவன் செய்ததைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

"ஹிட்லரை மறந்துவிட்டுப் பேசுகிறீர்!" என்று சீறுவோர் உண்டு. மறக்கவில்லை. வார்சாவை எரித்தவன் அவன். ராட்டர்டாமை, காவென்ட்ரியை எரித்தவன் அவன். பிரிட்டனிலே குண்டுவீச்சுக்குப் பலியான பொதுமக்கள் 40,000 பேருக்கும் மேல். யூத மக்களை இலட்சம் இலட்சமாக நச்சுப்புகைக்கு இரையாக்கியவனை வீழ்த்தவேண்டும் என்பதிலே நமக்கு இரண்டு எண்ணம் இல்லை. இந்த இரவுப் பறப்புகளால் ஆயிரக்கணக்கான ஜெர்மானியப் பீரங்கிகள் ருஷ்யப் போர்முனைக்குப் போகாமல் நகரக் காவலிலே முடங்கின என்பதும் உண்மை. போர் நேரியது என்பதால் போரில் செய்வதெல்லாம் நேரியது ஆகிவிடாது என்பதே நம் வாதம். கொலைகாரனைத் துரத்தும் காவலன், வழியிலே நிற்கும் குடிசைகளைக் கொளுத்திக்கொண்டு ஓடினால், துரத்தியதற்குப் பாராட்டும் கொளுத்தியதற்குக் கேள்வியும் தனித்தனியே உண்டு.

"வேறு வழி இல்லை" என்றார்களே, இருந்தது. அதே படையிலேயே இருந்தது! 1944 பிப்ரவரி 8. பிரான்சிலே லிமோஜ் என்ற ஊர். ஜெர்மானியருக்காக விமான எஞ்சின் செய்யும் தொழிற்சாலை. உள்ளே இரவுப்பணியிலே பிரெஞ்சுப் பெண்கள். லியோனார்டு செஷயர் என்ற படைத்தலைவர், குண்டு வீசுவதற்கு முன்னே, தாழப் பறந்து அந்தக் கூரைக்குமேல் மூன்று முறை சென்றார். விலகிப் போங்கள் என்பதற்கு அதுவே சைகை. பெண்கள் வெளியேறினர். நான்காம் முறை குறியை இட்டார். பின்வந்தோர் தொழிற்சாலையை மட்டும் தகர்த்தனர். ஒவ்வொரு முறை தாழப் பறந்ததும் சாவோடு விளையாட்டு. வந்திருப்பதைப் பகைவனுக்கே அறிவித்துவிட்டு வட்டமிடுவது போர்க்கலைக்கே முரண். ஆனாலும் செய்தார். இவர் பின்னாளில் உடல் நலிந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லங்கள் நிறுவி, இந்தியாவரை அதைப் பரப்பியவர்.

போர் தொடங்குமுன் இன்னின்னார் அகன்று காப்பான இடம் சேருங்கள் என்று அறிவிக்கும் அறநெறியை நெட்டிமையார் புறநானூற்றிலே பாடியிருக்கிறார். அந்தப் பட்டியலிலே முன்வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதை வேறொரு நாள் பேசலாம். பெண்டிரும் பிணியுடையோரும் அதிலே உண்டு என்பது இப்போது போதும். லிமோஜ் கூரைமேல் மூன்று முறை பறந்தவர் அந்தப் பாட்டை அறியார். அறியாமலே அந்த நெறியிலே நின்றார்.

இங்கேதான் நம் கேள்விக்கு ஒரு வெளிச்சம் தெரிகிறது. ஆபத்தை ஏற்பது எப்போது அறத்தின் பக்கம் சேர்கிறது? பிறர்மீது விழவேண்டிய ஆபத்தைத் தன்மீது இழுத்துக்கொள்ளும்போது. ஹாம்பர்க் வானிலும் லிமோஜ் வானிலும் பறந்தவர்கள் ஒரே அளவு அஞ்சாதவர்களே. லிமோஜில் அந்த அஞ்சாமை எவரோ முகமறியாத பெண்களுக்காகக் கூடுதலாகச் செலவாயிற்று. போர்வீரனிடம் அப்படிப்பட்ட கூடுதல் ஆபத்தை எவ்வளவு தூரம் கேட்கலாம்? முப்பது முறை பறந்து முக்கால்வாசி சாகப்போகிறவனிடம், "இன்னும் தாழப் பற, இன்னும் ஒரு முறை சுற்று" என்று சொல்ல வீட்டிலே பத்திரமாக உட்கார்ந்திருக்கும் நமக்கு உரிமை உண்டா? கடினமான கேள்வி. கேட்கவே கூடாத கேள்வி அல்ல. 1944இல் பிரெஞ்சு இரயில் நிலையங்களைத் தாக்கியபோது, நட்பு நாட்டுக் குடிமக்கள் சாகக்கூடாதே என்று சர்ச்சில் கவலைப்பட்டு வரம்பு விதித்தார். பிரெஞ்சுக் குழந்தைக்குக் கேட்கமுடிந்ததை ஜெர்மானியக் குழந்தைக்குக் கேட்கவில்லை.

பழி அந்த இளைஞன்மீதா? அவனிடம் தொழிற்சாலை என்றார்கள், துறைமுகம் என்றார்கள். இருபதாயிரம் அடிக்குக் கீழே தெரிந்தது செந்நிற ஒளி மட்டும். பெரும்பங்கு அவனுக்கு உரியதல்ல. தெரிந்தே ஆணையிட்டு, நாடாளுமன்றத்திலே கேட்டபோது இராணுவ இலக்குகளையே தாக்குகிறோம் என்று மழுப்பியவர்களுக்கு உரியது. கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். ரிச்சர்டு ஸ்டோக்ஸ் என்ற உறுப்பினர் மீண்டும் மீண்டும் கேட்டார். 1944 பிப்ரவரி 9இல் பிரபுக்கள் சபையில் எழுந்து கேட்டவர் ஜார்ஜ் பெல் என்ற பேராயர். கேட்டவர் மதகுரு என்பதற்காகக் கேள்வியைத் தள்ளுவது பகுத்தறிவு ஆகாது. முதல் உலகப் போரிலே காதலனையும் தம்பியையும் பறிகொடுத்த எழுத்தாளர் வீரா பிரிட்டன் அதே ஆண்டில் நூல் எழுதிக் கேட்டார். வசையே பதிலாய்க் கிடைத்தது. "ஒழுக்க உரம்" என்ற சொல்லுக்கு உரியவர்கள் இவர்கள் அல்லவா?

போர் முடியும் தறுவாயில் காட்சி மாறுகிறது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன். மாண்டவர் ஏறத்தாழ 25,000 பேர். மார்ச் 28இல் சர்ச்சில், அச்சமூட்டுவதற்காகவே நடத்தும் இத்தகைய தாக்குதல்களை மறுஆய்வு செய்யவேண்டும் என்று குறிப்பெழுதுகிறார். படைத்தலைவர்கள் முகம் சுளிக்கவே குறிப்பைத் திருத்துகிறார். மே மாதம் வெற்றிப் பேருரை. எல்லாப் படைக்கும் நன்றி; குண்டுவீச்சுப் படையைப் பற்றிப் பேச்சில்லை! தனிப் பதக்கம் இல்லை. அனுப்பியவர்களின் வெட்கத்தைப் போனவர்களின் தோளிலே ஏற்றினார்கள். 55,573 பேர் செத்த பிறகு!

இன்று ஆளில்லா விமானம் வந்துவிட்டது. நெவாடா பாலைவனத்திலே குளிரூட்டிய அறைக்குள் அமர்ந்து, பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வீட்டின்மீது ஏவுகணை விடுகிறார்கள். மாலையிலே வீடு திரும்புகிறார்கள். "கோழைத்தனம்!" என்று இதைப் பழிப்போர், ஆபத்து இருந்தால் செயல் சரியாகிவிடும் என்று தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கிறார்கள். "நம் வீரர்களுக்கு ஆபத்தே இல்லை" என்று இதைப் புகழ்வோரோ, அன்று இருளைத் தேர்ந்தெடுத்தவர்களின் வழியிலே கடைசிப் படிவரை இறங்கிவிட்டவர்கள். அந்த வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் விடை இல்லை.

2012 ஜூன் 28இல்தான் இலண்டன் பூங்கா ஒன்றிலே அவர்களுக்கு நினைவிடம் திறந்தார்கள். 2013இல் பதக்கத்திலே செருக ஒரு சிறு பட்டை தந்தார்கள். வாங்கியவர்கள் தொண்ணூறு வயதுக் கிழவர்கள். நினைவிடத்தின் கூரையிலே பெல்ஜியத்திலே வீழ்ந்த ஒரு ஹாலிபாக்ஸ் விமானத்தின் அலுமினியம் சேர்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே வெண்கலத்திலே ஏழு இளைஞர்கள். பறப்பு முடிந்து அப்போதுதான் இறங்கி நிற்பது போல் வடித்திருக்கிறார் சிற்பி. சுவரிலே அவர்களுக்கான வாசகங்களோடு, 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சிலே உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வரி ஒன்றும் இருக்கிறது. அந்த வரியைப் பொறிக்க அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின.